கண்டிச் சீமையும் ஒரு வார்ப்பிரும்பு வளையமும்

கண்டி நகரிலிருந்து ஹந்தானைக்கு ஏறுபவர்கள் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்றைக் காண்பார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் கைவிடப்பட்டுக் கிடந்து, 2001இல் அருங்காட்சியகமாகப் புதுப்பிக்கப்பட்ட கட்டடம் அது. அங்குள்ள பழைய இயந்திரங்களின் முன்னே நின்றபோது, இத்தகைய தொழிற்சாலைகளை ஓட்டிய எஞ்சின்களின் வயிற்றுக்குள் கிடந்த ஒரு சிறு பொருள் என் நினைவுக்கு வந்தது. பிஸ்டன் வளையம்!

ஆரம்பகால நீராவி எஞ்சின்களில் பிஸ்டனைச் சுற்றிச் சணற்கயிறே திணிக்கப்பட்டது. வெட்டுவாய் கொண்ட உலோக வளையத்தை இங்கிலாந்தின் ரயில்வேப் பொறியியலாளர் ஜான் ராம்ஸ்பொட்டம் 1854இல் பொறியியலாளர் மன்றத்தின் முன் விளக்கினார். அதே ஆண்டில்தான் ஜான் வாக்கர் என்பவர் நமது மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களுக்காக இயந்திரப் பட்டறை தொடங்கினார். 1867இல் ரயில் கண்டியை அடைந்தது. லூல்கந்துரவில் தேயிலை வேரூன்றியதும் அவ்வாண்டிலேயே.

உருக்கு இருக்க, எளிதில் உடையும் வார்ப்பிரும்பை ஏன் தேர்ந்தார்கள்? சாம்பல்நிற வார்ப்பிரும்பினுள் காரீயம் மெல்லிய தகடுகளாகப் பரவியிருக்கிறது. (போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டும் அதே காரீயந்தான், ஆனால் இங்கே அது உருகிய இரும்பிலுள்ள கரியிலிருந்து தானாகவே பிரிந்து உருவாகிறது.) எண்ணெய் வற்றும் கணத்தில் அது மசகாக உதவும், சிலிண்டர் சுவரையும் கீறாது. வார்ப்பு விரைந்து குளிர்ந்தாலோ காரீயம் பிரியாமல் இரும்பு வெள்ளையாக இறுகிவிடும். அதைக் கடையவும் முடியாது. பிஸ்டனில் ஏற்ற விரித்தால் முறிந்தும் போகும்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில், கண்டிப் பட்டறையொன்றில் வளையம் கடைவதை நான் பார்த்திருக்கிறேன். வார்த்த குழாயின் ஓரத்தைச் சுத்தியலால் உடைத்து, முறிந்த முகத்தின் நிறத்தைப் பார்ப்பார் மூத்த வார்ப்பாளர். சாம்பல் நிறமென்றால் கடைசலுக்குப் போகும். வெள்ளையென்றால் மீண்டும் உலைக்கே. அவருடைய தர நிர்ணயம் அவ்வளவுதான். வெட்டுவாய் இடைவெளிக்கும் வாய்ப்பாடு உண்டு: சிலிண்டர் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று அல்லது நான்கு பங்கு. இடைவெளி குறைந்தால் வளையம் சூட்டில் விரிந்து, முனைகள் முட்டி, சிலிண்டரைக் கிழிக்கும்.

இன்று ஐ.எஸ்.ஓ. 6621 என்னும் சர்வதேசத் தரத்தின் மூன்றாம் பாகம் சாம்பல் வார்ப்பிரும்பு, உருண்டைக் காரீய வார்ப்பிரும்பு, உருக்கு என்று வளையப் பொருள்களை வகுத்து, அவற்றுக்குரிய பண்புகளையும் வரையறுக்கிறது. உருண்டைக் காரீய வகை வளைந்து கொடுக்கும். ஆகவே சுமை மிகுந்த எஞ்சின்களில் மேல் வளையத்துக்கு அதையோ உருக்கையோ தேர்கிறார்கள்.

தோட்டத்தில் வளையம் தேய்ந்தால் எஞ்சின் நிற்கும். எஞ்சின் நின்றால் மாடியில் வாடிய கொழுந்து ஆளுக்காகக் காத்திராது. நள்ளிரவில் பிஸ்டனைக் கழற்றி, விடியுமுன் உருளையை ஓட வைத்தவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளரே. நான் படித்த எந்தத் தோட்ட வரலாற்றிலும் அவர்களது பெயர்கள் இல்லை. துரைமார் பெயர்கள் பக்கம் பக்கமாக உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. இரும்பின் நிறம் பார்க்கத் தெரிந்த கண்களும் அவர்களோடு தலைமன்னாரில் கப்பலேறின.