எஸ்டேட்டும் பேட்டையும்: ஒரு சொல்லின் வரலாறு

அயல்மொழிச் சொல் ஒன்று ஒரு நாட்டினுள் புகுங்கால் தன் பொருள் முழுவதையும் உடன்கொண்டு வருவதில்லை. வேண்டிய பொருளை மட்டும் மக்கள் ஏற்று, ஏனையவற்றைத் தம் சொற்களாலேயே வழங்குவர். அவ்வாறு ஏற்றதும் விடுத்ததும் அந்நாட்டின் நிலவுரிமை வரலாற்றுக்குச் சான்றாதலும் உண்டு. சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் நாள்தோறும் ஒலிக்கும் 'எஸ்டேட்டு' என்னும் ஆங்கிலச் சொல் அத்தகையது. அதன் பல பொருள்களையும், அவற்றுக்குத் தமிழ் அளித்த பெயர்களையும் ஈண்டு ஆராய்வோம்.

சொற்பிறப்பு

இச்சொல்லின் மூலம் 'ஸ்டேட்டஸ்' என்னும் இலத்தீன் சொல்லாகும். நிற்றல் என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்த அது, பழைய பிரெஞ்சு மொழியின் வழியே ஆங்கிலத்தை அடைந்தது. அரசைக் குறிக்கும் 'ஸ்டேட்டு' என்பதும் இதனோடு உடன்பிறந்ததே. முதற்கண் 'நிலைமை' என்றும், பின்னர்ச் சமுதாயத்தில் ஒருவர்க்குரிய 'படிநிலை' என்றும், அதன்பின் அப்படிநிலைக்கு ஆதாரமான 'நிலவுடைமை' என்றும் பொருள் விரிந்தது. தமிழிலும் நிலை, நிலம் ஆகிய இரண்டையும் 'நில்' என்னும் அடியோடு இயைத்துக் காண்பார் உளர். இவ்வொப்புமை மொழியுறவைக் காட்டுவதன்று. மண்ணில் உரிமை பெற்றவனே ஊரில் நிலைபெற்றவன் என்னும் எண்ணம் இரு நாட்டார்க்கும் பொதுவாயிருந்தமையை மட்டும் அது காட்டும்.

படிநிலைப் பொருளில் 1789-ஆம் ஆண்டு பிரான்சில் கூடிய மூவகையார் பேரவை உலகறிந்தது. அம்மூன்றனோடு செய்தித்தாளையும் கூட்டி 'நான்காவது எஸ்டேட்டு' என்றனர் ஆங்கிலேயர். தமிழர் அதனை 'நான்காவது தூண்' என்று வழங்குகின்றனர். வகுப்பினைக் குறித்த சொல் இங்கே அரசைத் தாங்கும் உறுப்பாக மாறிவிட்டது. ஆதலின் படிநிலைப் பொருள் தமிழகத்தில் வேரூன்றவில்லை எனலாம்.

ஜமீனும் சொத்தும்

நிலவுடைமைப் பொருளே இந்நாட்டுச் சட்டங்களிற் பெரிதும் இடம்பெற்றது. 1802-இல் சென்னை மாகாணத்தில் நிலையான வரித்திட்டத்துக்கு ஒழுங்குவிதி பிறந்தது. பூவிருந்தவல்லியைச் சூழ்ந்த நாடு பதினெட்டாம் நூற்றாண்டின் இடையிலேயே கும்பினியார் கைக்கு வந்திருந்தது. அதனை உள்ளடக்கிய செங்கற்பட்டுப் பகுதியில் ஊர்கள் மிட்டாக்களாக வகுக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. வரியைச் செலுத்த இயலாமையால் அவற்றுட் பல நெடுநாள் நிலைக்கவில்லை. இராமநாதபுரம், சிவகங்கை முதலிய பழைய தலைமைகளோ ஜமீன்களாக நீடித்தன. இவையனைத்தும் ஆங்கிலச் சட்டமொழியில் 'எஸ்டேட்டு' என்னும் ஒரே பெயரைப் பெற்றன. 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட்டு நிலச் சட்டம் அவற்றில் உழுத குடிகளுக்குச் சாகுபடி உரிமையை வரையறுத்தது. 1936-இல் செய்த திருத்தம் இனாம் ஊர்கள் பலவற்றையும் அச்சொல்லின் எல்லைக்குள் கொணர்ந்தது.

ஒரு சொல்லின் வரையறை விரிந்தமையால் உழவர் பலர் உரிமை பெற்றனர் என்பது நோக்கத்தக்கது. தன் ஊர் 'எஸ்டேட்டு' என்னும் சொல்லுக்குள் அடங்குமா அடங்காதா என்பது உழவனுக்கு வாழ்வுச் சிக்கலாகவே இருந்தது. ஆயினும் அவன் வாயில் அச்சொல் வழங்கவில்லை. ஜமீன், மிட்டா, இனாம் என்றே அவன் கூறினான். இறந்தார் விட்டுச்சென்ற உடைமை என்னும் பிறிதொரு பொருளில் 1953-இல் ஒரு வரிச் சட்டமும் வந்தது. 1985-இல் நீங்கிய அவ்வரியைப் பற்றிப் பேசியபோதும் மக்கள் 'சொத்து' என்றனரேயன்றி 'எஸ்டேட்டு' என்றிலர்.

தோட்டம்

மலைப்பயிர் நிலமே மூன்றாவது பொருள். இலங்கையில் காப்பியும், 1869-இல் தோன்றிய இலைநோயால் அது அழிந்தபின் தேயிலையும் பயிரிடப்பட்ட நிலங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் சென்றனர். அவர்கள் தம் உழைப்பிடத்தைத் 'தோட்டம்' என்றனர். வீட்டுக்கொல்லையிற் கத்தரியும் அவரையும் விளையும் சிறு நிலத்துக்குரிய பெயரைப் பல நூறு ஏக்கர்ப் பரப்புக்குச் சூட்டினர். துரையின் நோக்கில் எஸ்டேட்டாயிருந்தது கூலியாளின் நோக்கில் தோட்டமாயிற்று. ஆயினும் அவன் வாழ்ந்தது 'லயம்' எனப்பட்ட வரிசை அறைகளிலேதான். லயம் என்பதும் ஆங்கில 'லைன்' திரிந்ததென்பர். தோட்டம் என்னும் இனிய சொல்லை அவன் வைத்துக்கொண்டான். தோட்டத்தின் உரிமையை அவன் பெறவில்லை. 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாத்திரி உடன்படிக்கையால் தாயகம் திரும்பியவர் பலர் நீலகிரி முதலிய மலைகளில் மீண்டும் தேயிலைத் தொழிலையே மேற்கொண்டனர்.

பேட்டை

ஏறத்தாழ அதே காலத்தில் அம்பத்தூரில் நான்காவது பொருள் வேர்கொண்டது. இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த டிராபோர்டு பூங்காவில் 1896-இல் தொடங்கிய தொழில் எஸ்டேட்டு முறை, 1955-ஐ ஒட்டி இந்தியாவில் அரசின் கொள்கையாயிற்று. அவ்வாண்டு சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்மப் பாங்கான சமுதாயமே குறிக்கோள் எனத் தீர்மானித்தது. 1958-இல் கிண்டியிலும், 1960-களின் நடுப்பகுதியில் அம்பத்தூரிலும் சிறுதொழில்களுக்கென எஸ்டேட்டுகள் அமைந்தன. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஸ்டேட்டுகளை ஒழித்த அதே அரசு, பத்தாண்டுகட்குப் பின் எஸ்டேட்டுகளைத் தோற்றுவித்தது. சொல் ஒன்றே; ஒழிந்தது வரி தண்டும் இடைத்தரகு, பிறந்தது கூடமும் மின்சாரமும் சாலையும் அமைத்துத் தரும் ஏற்பாடு.

இதற்குத் தமிழ் அளித்த பெயர் 'தொழிற்பேட்டை' என்பது. இது வெறும் மொழிபெயர்ப்பு என்பாரும், மக்கள் வாயில் நிலைக்காத செயற்கைச் சொல் என்பாரும் உளர். வரலாறு வேறு கூறுகின்றது. பேட்டை என்பது நகரையோ கோட்டையையோ அடுத்து, வணிகரும் கைவினைஞரும் குடியேறிய இடமாகும். கன்னடம், தெலுங்கு, மராத்தி ஆகியவற்றிலும் இச்சொல் உருவேறுபாட்டுடன் வழங்குகின்றது. சென்னைக் கோட்டையின் ஆளுநர் காலெட்டு காலத்தில் திருவொற்றியூரை அடுத்து நெசவாளர்க்கென எழுந்த குடியிருப்பே இன்று காலடிப்பேட்டையாக வழங்குகின்றது. 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையும் நெசவுத் தொழிலாளர்க்காகவே அமைக்கப்பட்டது. ஆட்சியாளர் இடமளித்து ஒரு தொழிலார் பலரை ஓரிடத்தே திரட்டும் ஏற்பாடு தொழிற்பேட்டையன்றிப் பிறிது யாது? ஆகவே இப்பெயரைத் தேர்ந்தோர் புதுப்பொருளுக்குப் பழைய நிறுவனம் ஒன்றன் பெயரையே மீட்டளித்தனர் எனல் தகும்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய பேட்டையில் தறியும் வீடும் ஓரிடத்தன. நெசவாளன் அங்கேயே வாழ்ந்தான். புதிய பேட்டையிலோ தொழிலாளி காலையிற் புகுந்து மாலையில் நீங்குகின்றான். கொரட்டூரிலும் திருமுல்லைவாயிலிலும் பட்டாபிராமிலும் அவன் வீடு. அம்பத்தூர் மக்கள் அடைமொழியின்றி 'எஸ்டேட்டு' என்றே கூறுதற்குரிய காரணம் இதுவே எனத் தோன்றுகின்றது. குடிவாழ்வு இல்லாத இடத்தைப் பேட்டை என அழைக்க அவர் நா எழவில்லை போலும். பலகையில் தொழிற்பேட்டை, பேருந்தில் ஏறியவன் வாயில் எஸ்டேட்டு. 'எஸ்டேட்டுக்குப் போகிறேன்' என்னும் தொடரில் நிலமுமில்லை, உடைமையுமில்லை. வேலை ஒன்றே உண்டு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஆங்கிலம் ஒரே சொல்லால் மறைத்த வேறுபாடுகளைத் தமிழ் ஜமீன், சொத்து, தோட்டம், பேட்டை என நான்காகப் பகுத்துக் காட்டியமை பெறப்படும். 'எஸ்டேட்டு' என்னும் சொல் உடையவனை நோக்கியது. தோட்டமும் பேட்டையும் அங்கு நிகழும் உழைப்பை நோக்கின. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. பட்டறைகளின் இடையே மென்பொருள் வளாகங்கள் எழுந்துள்ளன. 'ரியல் எஸ்டேட்டு' என்னும் தொடர் சுவர்தோறும் காணப்படுகின்றது. நிலத்தின் விலையே பொருளாகிய அத்தொடருக்கு மக்கள் வழக்கில் தமிழ்ப் பெயர் இன்னும் நிலைபெறவில்லை. கடைசலும் வார்ப்பும் நிகழ்ந்த மனைகள் விலைப்பொருளாகுங்கால், இழக்கப்படுவது ஒரு சொல்லின் பொருள் மட்டுமன்று. பேட்டை என்னும் பெயரின் உள்ளீடாகிய தொழிலே நீங்குமாயின், பெயர்ப்பலகை எஞ்சுவதால் பயன் யாது? காலடிப்பேட்டையில் நெசவாளரைத் தேடும் ஆராய்ச்சியாளன்போல், அம்பத்தூரில் தொழிலைத் தேடும் காலம் வாராதிருத்தல் வேண்டும்.