தேசிய உட்கட்டமைப்பு வங்கி (ஐக்கிய அமெரிக்கா)

தேசிய உட்கட்டமைப்பு வங்கி என்பது ஐக்கிய அமெரிக்காவில் சாலைகள், பாலங்கள், குடிநீர்க் குழாய்கள், தொடருந்துப் பாதைகள் முதலியவற்றைச் சீரமைக்கவும் புதிதாகக் கட்டவும் நீண்டகாலக் கடன் வழங்குவதற்காக முன்மொழியப்பட்ட பொதுத்துறை வங்கி ஆகும். 2007 ஆம் ஆண்டு முதல் இதற்கெனப் பல சட்டமுன்வரைவுகள் காங்கிரசில் கொண்டுவரப்பட்டன. கீழே குறிப்பிடப்படும் எதுவும் சட்டமாகவில்லை.

அடிப்படைக் கருத்து

ஒரு பாலம் பல பத்தாண்டுகள் பயன்படுகிறது. ஆனால் அதன் பராமரிப்புச் செலவு ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே பெரும்பாலும் ஒதுக்கப்படுகிறது. நிதி குறையும்போது பராமரிப்பு எளிதில் தள்ளிப்போடப்படுகிறது. வங்கிக் கடன் இச்செலவைப் பல ஆண்டுகளுக்குப் பகிர்ந்தளிக்கும். மேலும், வங்கி தன் மூலதனத்தைப் போலப் பல மடங்கு கடன் வழங்கலாம். திரும்பி வரும் தவணைகளை மீண்டும் கடனாக வழங்கலாம். மானியமாக வழங்கப்பட்ட பணம் இவ்வாறு திரும்புவதில்லை.

முன்னோடிகள்

1791 இல் அலெக்சாண்டர் ஹாமில்டனின் திட்டப்படி ஐக்கிய அமெரிக்காவின் முதலாம் வங்கி நிறுவப்பட்டது. தனியார் தமது பங்குத்தொகையின் பெரும்பகுதியை அரசுக் கடன்பத்திரங்களாகவே செலுத்த அனுமதிக்கப்பட்டனர்.

பெருமந்தக் காலத்தில், 1932 இல், 50 கோடி டாலர் மூலதனத்துடன் மறுசீரமைப்பு நிதிக் கழகம் தொடங்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ–ஓக்லாந்து விரிகுடாப் பாலத்தின் கடன்பத்திரங்களை இது வாங்கியது. பாலத்தின் சுங்கக் கட்டணம் அக்கடனுக்கு ஈடாக அமைந்தது. கழகம் 1957 இல் கலைக்கப்பட்டது.

சட்டமுன்வரைவுகள்

* 2007: செனட் உறுப்பினர்கள் கிறிஸ் டாட், சக் ஹேகல் ஆகியோர் ஆகத்து 1 அன்று முன்வைத்தனர். 6,000 கோடி டாலர் வரை கடன்பத்திரங்கள் வெளியிட இது வழிசெய்தது. அதே நாள் மாலை மினியாப்பொலிசில் ஐ-35டபிள்யூ பாலம் இடிந்து 13 பேர் இறந்தனர். இணைப்புத் தகடுகள் போதிய தடிப்பின்றி வடிவமைக்கப்பட்டிருந்ததே முதன்மைக் காரணம் எனப் பின்னர் விசாரணையில் தெரியவந்தது.
* 2011: ஜான் கெரி, கே பெய்லி ஹட்சிசன் உள்ளிட்டோர் 1,000 கோடி டாலர் தொடக்க நிதியுடன் ஓர் ஆணையத்தை முன்மொழிந்தனர்.
* 2021, 2023: டேனி டேவிஸ் முன்வைத்தவை 5 இலட்சம் கோடி டாலர் வரை கடன் வழங்கும் வங்கியைக் கோரின. கருவூலப் பத்திரம் வைத்திருப்போர் அவற்றைக் கொடுத்து வங்கியின் முன்னுரிமைப் பங்குகளைப் பெறுவர் என்பது திட்டம். இது 1791 ஆம் ஆண்டு முறையைத் தழுவியது.

பழுதுபார்ப்பில் உள்ள சிக்கல்

கடனைத் திருப்பிச் செலுத்த வருவாய் வேண்டும். புதிய சுங்கச்சாலைக்கு அது கிடைக்கும். கட்டணமின்றிப் பயன்படும் ஊர்ப்புறப் பாலத்தைப் பழுதுபார்த்தால் புதிய வருவாய் எதுவும் கிடைக்காது. எனவே தவணைகளை மாநிலமோ உள்ளாட்சியோ வரிப்பணத்திலிருந்தே செலுத்த வேண்டும். திட்ட அளவும் ஒரு தடையாகும். 2011 முன்வரைவில் குறைந்தபட்சத் திட்டச் செலவு 10 கோடி டாலராகவும், ஊரகப் பகுதிகளுக்கு 2.5 கோடி டாலராகவும் இருந்தது. சிறிய பாலம் ஒன்றின் சீரமைப்பு இவ்வரம்பை எட்டுவது அரிது.

பல சிறு பணிகளை ஒன்றாகத் தொகுப்பது இதற்கு ஒரு தீர்வாகும். 2015 இல் கட்டுமானம் தொடங்கிய பென்சில்வேனியா மாநிலத் திட்டத்தில் 558 சிறு பாலங்கள் ஒரே ஒப்பந்தத்தின்கீழ் மாற்றிக் கட்டப்பட்டன. ஒப்பந்ததாரர் அவற்றை 25 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். ஆயினும் தொகுத்தல் அளவுச் சிக்கலை மட்டுமே தீர்க்கிறது. இங்கும் பணம் செலுத்துவது மாநில அரசே.

பிந்தைய நிலை

2021 நவம்பரில் சுமார் 1.2 இலட்சம் கோடி டாலர் மதிப்பிலான உட்கட்டமைப்புச் சட்டம் நிறைவேறியது. இதில் வங்கி இடம்பெறவில்லை. பாலங்களுக்கென 2,750 கோடி டாலர் ஐந்தாண்டுகளில் மாநிலங்களுக்கு நேரடி நிதியாக ஒதுக்கப்பட்டது. அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்கம் நாட்டின் உட்கட்டமைப்புக்கு 2017 இல் வழங்கிய 'டி+' தரம் 2025 இல் 'சி' ஆக உயர்ந்தது.

பிற நாடுகளில்

கனடா உட்கட்டமைப்பு வங்கி 2017 இலும், இந்தியாவின் தேசிய உட்கட்டமைப்பு மற்றும் வளர்ச்சி நிதி வங்கி 2021 இலும் நிறுவப்பட்டன.