எண்ணெய்க் காசு

ஒரு பழைய பள்ளிவாசலுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் மினாராவை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் மத்திய அரசின் கணக்குப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். விளக்குக்கு எண்ணெய்க் காசு யார் கொடுத்தார்கள், மோதினாரின் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் என் புத்தி போகும்.

இதில் பாதி தொழில் புத்தி, மீதி ஊர்ப் புத்தி. நான் காயல்பட்டினத்துக்காரன். எங்கள் கடற்கரை ஊர்களின் பள்ளிகளுக்கு ராஜாக்கள் மானியம் விட்டதுண்டு. ஆனால் அவற்றை நாள்தோறும் நடத்தியது கப்பலும் ரத்தினக்கல் வியாபாரமும் கொண்டுவந்த பணம். கீழக்கரையில் சீதக்காதி மரைக்காயரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பள்ளியும் ஒரு வணிகரின் கொடைதான். கொழும்பிலிருந்து வாப்பா அனுப்பும் பணத்தில் பள்ளிக்கு இவ்வளவு, மதரஸாவுக்கு இவ்வளவு என்று உம்மா தனித்தனியே முடிந்து வைப்பார். பள்ளி என்றால் ஜமாஅத், ஜமாஅத் என்றால் வரி, வரி என்றால் சண்டை. அப்படி வளர்ந்தவன் டெல்லிக்கு வந்து ஜாமா மஸ்ஜிதைப் பார்த்தால் கொஞ்சம் மிரண்டுதான் போவான்.

அது பாதுஷாவின் பள்ளி. ஷாஜஹான் 1650-இல் தொடங்கி 1656-இல் முடித்தார். செலவு பத்து லட்சம் ரூபாய் என்கிறார்கள். இமாமைக்கூட புகாராவிலிருந்து வரவழைத்தார். அதே 1650-இல் சாந்தினி சௌக்கின் மேற்குக் கோடியில் அவருடைய மனைவியரில் ஒருவரான ஃபதேபுரி பேகம் ஒரு பள்ளி கட்டினார். கோட்டைக்கு அருகே இன்னொரு மனைவி அக்பராபாதி மஹல் வேறொன்று கட்டினார். ஔரங்கசீப்பின் மகள் ஜீனத்துன்னிஸா யமுனைக் கரையோரம் எழுப்பிய ஜீனத்துல் மஸாஜித் 1707-ஐச் சேர்ந்தது. அரண்மனைக் கருவூலம் ஒருபக்கம், பேகம்கள் எழுதி வைத்த சொத்து மறுபக்கம். தொழ வருகிறவன் ஒளு செய்துவிட்டு வரிசையில் நின்றால் போதும். கூரை ஒழுகினால் அது அரண்மனையின் கவலை.

1857 செப்டம்பரில் ஆங்கிலேயப் படை காஷ்மீரி கேட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது இந்த வரவுசெலவு முழுவதும் ஒரே வாரத்தில் முடிந்துபோனது. பகதூர் ஷா ஜஃபர் ஹுமாயூன் கல்லறையில் பிடிபட்டார். நகரத்து மக்கள் மதில்களுக்கு வெளியே விரட்டப்பட்டார்கள். ஹிந்துக்கள் முதலில் திரும்ப விடப்பட்டார்கள். முஸ்லிம்கள் வெகுகாலம் அனுமதிச் சீட்டில்லாமல் தங்கள் தெருவுக்குள்ளேயே போக முடியவில்லை. கவிஞர் காலிப் வாழ்ந்த பல்லிமாரான் சந்து தப்பியதற்கு ஒரே காரணம், அங்கே குடியிருந்த ஹக்கீம்கள் பட்டியாலா மகாராஜாவின் வைத்தியர்கள். மகாராஜா ஆங்கிலேயர் பக்கம் நின்றவர், எனவே அவருடைய காவலாட்கள் சந்து வாசலில் நின்றார்கள். அப்படியும் காலிபை ஒரு கர்னல் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நீர் முஸ்லிமா என்ற கேள்விக்கு, பாதி முஸ்லிம், மது உண்டு, பன்றி இல்லை என்று அவர் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. டெல்லிக்காரர்கள் இதை இன்றும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். ஒருவன் தன் மார்க்கத்தைப் பாதியாகக் குறைத்துச் சொல்லித் தலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஊராக அது இருந்தது என்பது அந்தச் சிரிப்பில் காணாமல் போகிறது.

பள்ளிகளுக்கு வருவோம். ஜாமா மஸ்ஜிதில் சிப்பாய்கள் தங்கினார்கள். லண்டனில் பிரதமர் பால்மர்ஸ்டன், முஸ்லிம் மரபோடு தொடர்புள்ள கட்டடங்களைத் தரைமட்டமாக்க வேண்டும் என்ற பொருள்பட கவர்னர் ஜெனரல் கானிங்குக்கு எழுதினார். ஜாமா மஸ்ஜிதை இடிக்கலாம் என்றும், தேவாலயமாக்கலாம் என்றும் ஆலோசனைகள் கிளம்பின. டெல்லி பஞ்சாப் நிர்வாகத்தின் கீழ் வந்தபின் ஜான் லாரன்ஸ் இதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. பெரிய பள்ளி தப்பியது. அக்பராபாதி மஸ்ஜித் தப்பவில்லை. கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக்கு மறைப்பு எதுவும் இருக்கக்கூடாது என்று தெருத்தெருவாகத் தகர்த்தபோது அதுவும் போனது.

எனக்கு அந்தப் பள்ளியின் மேல் தனி வருத்தம் உண்டு. ஷா வலியுல்லாஹ்வின் மகன் ஷா அப்துல் காதிர் அங்கே ஓர் அறையில் வாழ்ந்து பாடம் நடத்தினார். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் குர்ஆனைச் சாதாரணர் பேசும் உருதுவில் அவர் எழுதியது அங்கே இருந்தபோதுதான். 2012-இல் மெட்ரோ வேலைக்காகச் சுபாஷ் பார்க்கில் தோண்டியபோது பழைய சுவர்கள் தென்பட்டன. அக்பராபாதி மஸ்ஜித்தான் என்று ஒரு கூட்டம் கிளம்ப, போலீஸ், நீதிமன்றம் என்று அது தனிக் கதையாகிவிட்டது. இன்று ஊதா நிற ரயிலில் ஏறினால் ஜாமா மஸ்ஜித் நிலையத்தில் இறங்கலாம். அந்தப் பாதையில் போகும்போதெல்லாம் அப்துல் காதிரின் அறை எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று ஜன்னல் வழியே பார்ப்பேன். ஜன்னலில் தெரிவது சுரங்கச் சுவர்தான், இருந்தாலும் பார்ப்பேன்.

ஃபதேபுரி பள்ளியின் கதை கணக்குக்காரனுக்கு விருந்து. அதை அரசு ஏலத்தில் விட்டது. எடுத்தவர் கட்ரா நீலில் மாளிகை வைத்திருந்த துணி வணிகர் லாலா சுன்னாமல், விலை 19,000 ரூபாய். நினைத்திருந்தால் இடித்து வரிசையாகக் கடை கட்டியிருக்கலாம், அந்த முக்கில் மனையின் மதிப்பு அப்படி. அவர் பள்ளியை இடிக்காமல் வைத்திருந்தார். பக்தியாலா, வணிகரின் பொறுமையாலா என்று ஆராய்வதில் எனக்கு அக்கறையில்லை. கட்டடம் நின்றது, வரவில் வைக்க அது போதும். 1877 தர்பாரை ஒட்டி, அவர் குடும்பத்துக்கு நான்கு கிராமங்களை ஈடாகக் கொடுத்து, அரசு பள்ளியை மீட்டு முஸ்லிம்களிடம் ஒப்படைத்தது. விற்றவரே இருபது ஆண்டுக்குள் அதைவிடப் பெரிய விலை கொடுத்துத் திரும்ப வாங்கிய சொத்து இது. என் பணிக்காலத்தில் இப்படி ஒரு கோப்பு மேஜைக்கு வந்திருந்தால் விளக்கம் கேட்டுப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன்.

ஜீனத்துல் மஸாஜித்துக்கு இன்னும் நீண்ட தண்டனை. அதைப் பட்டாளத்து ரொட்டிக்கூடமாக மாற்றினார்கள். கட்டியவளின் கல்லறையையும் அகற்றினார்கள். கர்சன் வைஸ்ராயாக வந்த பிறகுதான், அதாவது 1899-க்குப் பின்தான், அடுப்புகள் வெளியேறின. இதே காலத்தில் பிரிட்டனிலேயே என்ன நடந்தது பாருங்கள். லிவர்பூலில் அப்துல்லா குவில்லியம் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் முஸ்லிமாகி, 1887-இல் ஒரு ஜமாஅத்தைத் தொடங்கினார். பாங்கு சொன்னால் கல் வந்து விழும், ஆனாலும் நடத்தினார். லண்டனுக்கு அருகே வோக்கிங்கில் 1889-இல் குவிமாடம் வைத்த பள்ளியே எழுந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர் போபால் பேகம் ஷாஜஹான், பள்ளிக்கும் அவர் பெயர்தான். விக்டோரியா ராணியின் சொந்த மண்ணில் ஓர் இந்தியப் பெண்ணின் காசில் தொழுகை நடந்துகொண்டிருந்தபோது, அதே ராணியின் டெல்லியில் ஒரு முகலாய இளவரசியின் பள்ளியில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது.

ஜாமா மஸ்ஜித் திரும்பக் கிடைத்தது 1862 நவம்பரில். அந்த மாதம் 7-ஆம் தேதிதான் ரங்கூனில் பகதூர் ஷா மூச்சை விட்டார். பள்ளி வந்தது, பள்ளிக்கு உடையவர் போய்விட்டார். அரசு அதை நகரத்து முஸ்லிம் பெரியவர்கள் அடங்கிய ஒரு குழுவிடம், நடத்தை விதிகளோடு ஒப்படைத்தது. டெல்லி முஸ்லிமின் அன்றாடம் மாறிய நாள் என்று எதையாவது குறிக்கச் சொன்னால் நான் இதைத்தான் குறிப்பேன். ஜும்ஆவின் குத்பாவில் பாதுஷாவின் பெயர் சொல்லப்பட்ட இடத்தில் இனி பாதுஷா இல்லை. பாய் கிழிந்தால், ஹவுளில் தண்ணீர் குறைந்தால், ரமலானில் தராவீஹ் தொழவைக்க ஹாபிஸைக் கூப்பிட வேண்டுமென்றால், கையில் காசு வைத்திருக்கும் யாரோ ஒரு தோல் வியாபாரியும் அத்தர் வியாபாரியும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். டெல்லி அந்த வகையில் காயல்பட்டினமாகிவிட்டது. அரசன் இல்லாத ஊரின் பள்ளியை ஊர் நடத்துவது எங்களுக்குப் பழகிய வேலை. அவர்கள் அதை இடிபாட்டுக்கு நடுவே நின்று கற்றுக்கொண்டார்கள்.

இந்தப் பாடம் மதிலுக்கு வெளியேயும் பரவியது. டெல்லியில் படித்த மௌலானா காசிம் நானோத்வி முதலானோர் 1866-இல் தேவ்பந்த் மதரஸாவைத் தொடங்கியபோது, நிலையான வருமானத்தையும் அரசின் உதவியையும் நம்பாமல் பொதுமக்கள் தரும் சந்தாவில் நடத்துவது என்று கொள்கையாகவே வைத்தார்கள். 1920-களில் நிஜாமுத்தீனின் பங்களாவாலி மஸ்ஜிதிலிருந்து மௌலானா இலியாஸ் மேவாத்தின் ஏழை விவசாயிகளிடம் போனபோதும் ஏற்பாடு அதுவே: ஜமாஅத்தில் கிளம்புகிறவர் தன் சாப்பாட்டுச் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்களிலிருந்து ஜி.டி.யிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அங்கே வந்து இறங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பையில் மூக்குப்பொடி டப்பாவும் இட்லிப் பொடியும் இருக்கும்.

அரண்மனையை நம்பி வாழ்ந்த மற்றவர்களும் தெருவுக்கு வந்தார்கள். ஜாமா மஸ்ஜிதின் வடக்குப் படிகள் 39. அவற்றில் கதைசொல்லிகள் உட்கார்ந்து மாலை முழுவதும் தாஸ்தான் சொல்வார்கள். அந்த மரபின் கடைசிப் பெரிய ஆளான மீர் பாக்கர் அலி 1928-இல் மறைந்தார். சமையற்காரர்களுக்கு யோகம் இருந்தது. 1911 தர்பாருக்குக் கூடிய கூட்டத்தில் ஆலு கோஷ்த்தும் பருப்பும் விற்ற ஹாஜி கரீமுத்தீன், 1913-இல் கபாபியான் சந்தில் கரீம்ஸைத் திறந்தார். லால் குவானில் ஹக்கீம் அப்துல் மஜீத் 1906-இல் ஹம்தர்த் மருந்துக்கடையை வைத்து, அடுத்த ஆண்டு கோடை வெக்கைக்கு ரூஹ் அஃப்ஸா காய்ச்சினார். டெல்லி இஃப்தாரில் அந்தச் சிவப்பு சர்பத் இல்லாத விரிப்பை நான் கண்டதில்லை. தேங்காய்ப்பால் ஊற்றிய நோன்புக் கஞ்சியை அங்கே யாரும் கண்டதில்லை, அது அவர்கள் நஷ்டம். அவர்கள் ஹனஃபி, நாங்கள் ஷாஃபி. எங்கள் அஸர் நேரத்துக்கு அங்கே பள்ளி காலியாக இருக்கும். சுபுஹில் குனூத்துக்காக நான் கையை உயர்த்தப் போனால் இமாம் அதற்குள் சஜ்தாவுக்குப் போயிருப்பார். யாரும் எதுவும் சொன்னதில்லை. பக்கத்தில் நிற்கும் கிழவர் மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்.

ஊரார் கையில் இருந்த பள்ளி என்பதால்தான் 1919-இல் அது நடந்தது என்பது என் துணிபு. ரௌலட் சட்டத்தை எதிர்த்த மார்ச் 30 ஹர்த்தாலில் போலீஸ் சுட்டு ஆட்கள் இறந்தார்கள். ஏப்ரல் 4-ஆம் தேதி ஜாமா மஸ்ஜிதின் மேடையில் ஏறிப் பேசியவர் ஆரிய சமாஜத்துச் சந்நியாசி சுவாமி சிரத்தானந்தர். பாதுஷாவின் பள்ளியில் காவியுடையைப் பேச அழைக்க எந்த இமாமுக்குத் துணிவு வந்திருக்கும்? கூடியிருந்த சனம் கூப்பிட்டது, அவர் ஏறினார். அந்த ஒற்றுமை சில ஆண்டுகள்கூட நிற்கவில்லை, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

1947-இல் ஊர் மறுபடி காலியானது. முஸ்லிம்கள் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறையிலும் கூடாரங்களில் கிடந்தார்கள். எந்தக் கல்லறையில் கடைசி பாதுஷா பிடிபட்டாரோ அதே வளாகம். பஞ்சாபிலிருந்து எல்லாம் இழந்து வந்த ஹிந்து, சீக்கியக் குடும்பங்கள் ஆளில்லாத வீடுகளிலும் பள்ளிகளிலும் புகுந்தார்கள். ஜனவரிக் குளிரில் அவர்களுக்கும் வேறு கூரை இருக்கவில்லை. காந்தி 1948 ஜனவரி 13-இல் உண்ணாவிரதம் தொடங்கி 18-இல் முடித்தார். முடிப்பதற்காகத் தலைவர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழியைக் கணக்குப் பிள்ளையின் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. மெஹ்ரௌலியில் குத்புத்தீன் பக்தியார் காக்கியின் உருஸ் எப்போதும்போல நடக்கும். ஆக்கிரமித்த பள்ளிகள் திருப்பித் தரப்படும். சப்ஜி மண்டி, கரோல் பாக், பஹார்கஞ்ச் பகுதிகளில் முஸ்லிம்கள் அச்சமின்றி நடமாடலாம். அவர்களோடு வியாபாரம் நிறுத்தப்படாது. உருஸுக்கு, பள்ளிக்கு, காய்கறிச் சந்தைக்குப் போய்வர ஒரு நகரத்தின் கையெழுத்து தேவைப்பட்டது. ஜனவரி 27-ஆம் தேதி காந்தியே மெஹ்ரௌலி உருஸுக்குப் போனார். அதற்கு மூன்றாம் நாள் அவரைச் சுட்டார்கள்.

வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தபோது நான் முதலில் குடியிருந்தது கரோல் பாக்கில், மாடியில் ஓர் அறை. கீழ்வீட்டுக்காரர்கள் லாயல்பூரிலிருந்து அகதியாக வந்த குடும்பம். எனக்கு ஜும்ஆவுக்கு எந்தப் பள்ளி பக்கம், எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது அந்த வீட்டுப் பெரியவர்தான். நோன்பு நாட்களில் சஹருக்கு என் அறையில் விளக்கு எரியாவிட்டால் கீழேயிருந்து கம்பியால் குழாயைத் தட்டுவார்.