ஓயாத கணனிகளின் வரலாறு

பேரேடு ஒன்று, அதில் எழுதும் கணக்கர் இருவர், அவர்கள் இருப்பதோ ஒருவரையொருவர் காணமுடியாத இரு அறைகளில். ஒருவர் நோயுற்றால் மற்றவர் வேலையைத் தொடரலாம். ஆனால், அவர் உண்மையில் நோயுற்றாரா, அன்றி இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கின்றாரா என்பதை எவ்வாறு அறிவது? ஓயாது இயங்கும் கணனித் தொகுதிகளை அமைக்க முயன்றோர் பல்லாண்டுகளாக எதிர்நோக்கிய வினா இதுவேயாகும்.

முதலிற் கண்ட வழி எளியது. வானெல்லையைக் காப்பதற்கு அமெரிக்க விமானப்படை நிறுவிய 'சேஜ்' அமைப்பின் முதல் நிலையம், 1958ஆம் ஆண்டு நியூ ஜேர்சி மாநிலத்தில் தொழிற்படத் தொடங்கிற்று. பழைய வானொலிப் பெட்டிகளைப் போன்று அக்கணனிகளும் வால்வுகளால் இயங்கியவை. பல்லாயிரம் வால்வுகளுள் ஒன்று அவிந்தாலும் வேலை தடைப்படக்கூடும். ஆகவே, நிலையத்தில் ஒரே வகையான இரு கணனிகள் வைக்கப்பட்டன. ஒன்று கடமையில் இருக்க, மற்றையது ஆயத்தமாக நின்றது.

கலிபோர்னியாவில் ஜேம்ஸ் ட்ரைபிக் என்பவர் 1974இல் 'டான்டெம்' என்னும் கம்பனியைத் தோழர்களுடன் தொடங்கினார். வங்கிகளின் வேலை ஒரு கணமும் நிற்றலாகாது என்பதே அவர்கள் நோக்கம். அவர்களுடைய முதற் கணனி 1976இல் சிற்றி பாங்குக்குச் சென்றது. அதனுள் இருந்த செயலிகள் ஒவ்வொன்றும், "நான் உயிருடன் இருக்கிறேன்" என்னும் செய்தியை இடையறாது மற்றையவற்றுக்கு அனுப்பும். செய்தி நின்றால், அதன் பொறுப்பை வேறொன்று ஏற்கும். சேமிப்பு வட்டை அடைய இரு வழிகள் இருந்தபோதிலும், ஒரு நேரத்தில் ஒரு செயலியே அதனை ஆண்டது.

தனித்தனிக் கணனிகள் பல, ஒரே வட்டிற் சேர்ந்து எழுதுமாறு செய்தது 'டிஜிற்றல்' கம்பனி 1983இல் அறிவித்த 'வாக்ஸ் கிளஸ்ரர்' ஆகும். கணனிகளும் வட்டுக் கட்டுப்பாட்டுப் பொறிகளுமாக 16 வரை அதில் இணைக்கப்படலாம். இணைப்புக் கம்பிகளும் இரட்டையாகவே அமைந்தன. எழுத விரும்பும் கணனி முதலில் 'பூட்டு' ஒன்றைக் கேட்டுப் பெறவேண்டும். அதனைப் பெறாதது காத்திருக்கவேண்டும்.

எனினும், மௌனம் எப்பொழுதும் மரணமன்று. கணனிகள் யாவும் நலமாயிருக்க, அவற்றை இணைக்கும் கம்பி மட்டும் அறுந்துபோகலாம். அப்பொழுது ஒவ்வொரு பக்கமும் மறுபக்கம் இறந்ததென எண்ணி, ஒரே வட்டில் தன்னிச்சையாக எழுதத் தொடங்கும். ஓர் உறையில் இரு வாள்கள் புகுந்த கதையாகிக் கணக்குகள் முழுவதும் சிதையும். இயந்திரம் நின்றால் இழப்பது சில மணிநேரம். கணக்குச் சிதைந்தால் இழப்பது மக்களின் பொருள்.

இதற்குக் கண்ட பரிகாரம் வாக்கெடுப்பு. கணனி ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு உண்டு. பெரும்பான்மை வாக்கினைக் கொண்ட பக்கமே எழுதலாம். சிறுபான்மையானது தன் வேலையை நிறுத்திவிடவேண்டும். மூன்று கணனிகளுள் ஒன்று பிரிந்தால், எஞ்சிய இரண்டும் தொடரும். இரண்டே கணனிகள் இருப்பின் பெரும்பான்மை ஏது? அதற்காகப் பொது வட்டு ஒன்றுக்கும் ஒரு வாக்கு அளிக்கப்பட்டது. அவ்வட்டைத் தன்வசம் வைத்திருக்கும் கணனியே வெல்லும்.

1990களின் இறுதியில், 'லினக்ஸ்' கணனிகளைக் கொண்டு இத்தகைய தொகுதிகளை அமைத்தோர் மேலும் கடுமையான விதியொன்றைக் கையாண்டனர். ஐயத்துக்குரிய கணனியின் மின்னோட்டத்தை முதலில் துண்டித்துவிட்டு, அதன் பின்னரே அதன் வட்டைத் தொடவேண்டும் என்பதே அவ்விதி. "மற்றதன் தலையிற் சுடு" எனப் பொருள்படும் வேடிக்கைப் பெயரை அவர்கள் அதற்கு இட்டனர். ஐயத்தை அகற்ற இயலாதவிடத்து, அதற்குக் காரணமானதையே அகற்றினர்.

'டிஜிற்றல்' கம்பனி 1998இல் வேறொரு கம்பனியின் கைக்கு மாறியது. எனினும் பூட்டும் வாக்கும் பெரும்பான்மையும் இன்றைய தொகுதிகளிலும் நிலைத்துள்ளன. இரண்டாவது கணனியை வாங்குதல் பணத்தால் முடியும். என்றும் நில்லாதிருக்க அமைக்கப்பட்ட இயந்திரத்துக்கு, தான் எப்பொழுது நிற்கவேண்டும் என்பதைக் கற்பிப்பதற்கே அறிஞர்களின் உழைப்புப் பெரிதும் வேண்டியிருந்தது.