யாருக்காக இந்த விளக்கு?

(திருவருகைக் கால வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் பாதி கடந்ததும் நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த வருஷம் குடில் பார்க்க எங்கே போறோம்?" நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, மறுநாள் சாப்பாடும் முடிந்து, மாலையானதும் குடும்பம் புறப்படும். இரு சக்கர வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று பிள்ளைகள். பக்கத்துப் பங்கின் குடில், அதற்கடுத்த ஊரின் ஸ்டார், கோபுரத்தில் ஓடும் சீரியல் பல்புகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மார்கழிப் பனியில் காதைப் பொத்திக்கொண்டு வீடு திரும்புவோம். சாலையின் இரு பக்கமும் சம்பாப் பயிர் கதிர் விட்டு நிற்கும்.

காவிரிக் கரை மக்களுக்கு வெளிச்சம் பார்க்கப் போவது புதிதல்ல. ஆகஸ்ட் 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை இரவெல்லாம் கூட்டம். பூண்டி மாதாவின் தேர் பவனிக்கும், நாகூர் கந்தூரிக்கும், கார்த்திகைத் தீபத்துக்கும் நம் பாட்டிமார் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். மதம் எதுவானாலும், வெளிச்சம் என்றால் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவது நம் மண்ணின் வழக்கம். காட்டும்போது "பார், எவ்வளவு அழகு!" என்கிறோம். "இது யாருக்காக ஏற்றிய விளக்கு?" என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா? இன்று நாம் சிந்திக்க இருப்பது இந்தக் கேள்வியைத்தான்.

தஞ்சைப் பெரிய கோயிலை இராசராச சோழன் கட்டி முடித்தது 1010-ஆம் ஆண்டு. அதன் சுவர்களில் வெட்டிய கல்வெட்டுகளில் ஒரு பகுதி விளக்குக் கணக்கு. இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டிய விளக்கை நந்தா விளக்கு என்றார்கள். ஒரு நந்தா விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அந்த நெய்க்காக 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் ஒரு விளக்குக்கு ஒதுக்கப்பட்டன. இந்த ஆடுகளுக்குச் சோழர் காலத்தார் வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடுகள்'. அதாவது, சாகாத, மூப்படையாத ஆடுகள். ஆடு சாகாமல் இருக்குமா? கிழடானதைக் கழித்து, குட்டியைச் சேர்த்து, எண்ணிக்கை எந்நாளும் குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் கடமை என்பதே அதன் பொருள்.

அந்தக் கல்வெட்டில் அரசனின் பெயரோடு ஆடு மேய்த்தவரின் பெயரும் இருக்கிறது. எந்த விளக்குக்கு எந்த ஊர் இடையர் பொறுப்பு, அவருக்கு உறவினர் யார் என்பது வரை பல இடங்களில் எழுதி வைத்தார்கள். கோயிலுக்குள் ஒளி வீசும் விளக்குக்குப் பின்னால், வெயிலிலும் மழையிலும் மந்தையோடு அலைந்த ஒரு மனிதர் இருந்தார். அவருடைய பெயர் கல்லில் ஏறியதால் ஆயிரம் ஆண்டு கழித்தும் படிக்கிறோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. வேட்டைக்குப் போனவர் எய்த அம்பு குறி தவறி ஒரு மனிதரைக் கொன்றுவிடுகிறது. ஊர்ச் சபையார் கூடி விசாரிக்கிறார்கள். கொல்லும் எண்ணமில்லாமல் நேர்ந்த சாவு என்பதால் உயிருக்கு உயிர் கேட்கவில்லை. இறந்தவருக்காகக் கோயிலில் ஒரு விளக்கு எரிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் இப்படிப்பட்ட தீர்ப்புகள் பதிவாகி உள்ளன. அப்படியானால் அந்த விளக்கை வெறும் அலங்காரம் என்று சொல்ல முடியுமா? போன உயிருக்குப் பட்ட கடன் அது. "இங்கே ஒருவர் இறந்தார், அதற்கு நான் பொறுப்பு" என்று நாள்தோறும் ஊரறியச் சொல்லும் அறிக்கை அது. நம் ஆலயங்களில் நற்கருணைப் பேழைக்கு முன் எரியும் அணையா விளக்கைப் பார்க்கும்போதும், 'இங்கே ஒருவர் இருக்கிறார்' என்றுதான் அது சொல்கிறது. நம் மண்ணில் விளக்கு என்றாலே அது யாரோ ஒருவருக்காக எரிவது.

அன்புக்குரியவர்களே, முதல் கிறிஸ்து பிறப்பு இரவில் வெளிச்சம் பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் யார்? அரண்மனையில் இருந்தவர்களா? லூக்கா நற்செய்தியாளர் சொல்வது, வயல்வெளியில் தங்கி இராக்காவல் காத்துக்கொண்டிருந்த இடையர்களை. ஊருக்குள் இடம் இல்லாதவர்களாகிய அவர்களைச் சுற்றித்தான் முதலில் விண்ணக ஒளி சுடர்ந்தது. அவர்களே எழுந்து போய்த் தீவனத் தொட்டியில் கிடத்தியிருந்த குழந்தையைக் கண்டார்கள். 'குடில் பார்க்கப் போன' முதல் கூட்டம் ஆடு மேய்ப்பவர்கள்தான்.

1223-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் காட்சியை அமைத்தார். சுரூபங்கள் கிடையாது. ஒரு தீவனத் தொட்டி, கொஞ்சம் வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான். சுற்றுவட்டார மக்கள் தங்களால் முடிந்த மெழுகுதிரியையும் தீப்பந்தத்தையும் ஏந்திக்கொண்டு மலையேறி வந்தார்கள். அந்த இரவு ஒளிர்ந்தது அவர்கள் கொண்டுவந்த வெளிச்சத்தால். 2019 டிசம்பர் 1-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குச் சென்று, குடிலின் பொருளைப் பற்றிய திருத்தூது மடலில் கையெழுத்திட்டார். குடில் என்பது ஏழைகளோடு கடவுள் கொண்ட உறவின் அடையாளம் என்பதை அம்மடல் நமக்கு நினைவூட்டியது.

நம் ஊர்க் குடில்களும் அப்படித்தான் தொடங்கின. மூங்கில் சிம்பு, தென்னங்கீற்று, வாய்க்கால் களிமண், களத்து வைக்கோல். பத்து நாளுக்கு முன்பே தட்டில் நெல்லோ கேழ்வரகோ தெளித்து, பச்சைப் பசேலென்று முளைத்ததும் அதைக் குடிலுக்குப் புல்தரையாக வைப்போம். விளக்குக்கு அகல், பிறகு அரிக்கேன், திருவிழா என்றால் தலையில் சுமந்து வரும் பெட்ரோமாக்ஸ்.

அப்புறம் மின்சாரம் வந்தது. 1882-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், எடிசனோடு பணியாற்றிய எட்வர்டு ஜான்சன் என்பவர் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் 80 மின்விளக்குகளைப் பொருத்தினார். அங்கிருந்து பரவிய வழக்கம் நம் தெருமுனை வரை வந்துவிட்டது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் 1937-இல் மின் உற்பத்தி தொடங்கியது. காவிரி நம் வயலுக்கு வருமுன்னே விளக்குக்கும் கொடுத்துவிட்டு வருகிறது. சோறும் வெளிச்சமும் ஒரே ஆறு தரும் கொடை.

பழைய சீரியல் செட்டு உங்களுக்கு நினைவிருக்கும். 6 வோல்ட் பல்பு 40 வரிசையாகக் கோர்த்திருக்கும். வீட்டு மின்சாரத்தை எல்லாம் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளும். ஒரு பல்பு போனால் வரிசை முழுவதும் அணைந்துவிடும். மற்ற 39 பல்புகளும் நன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் எரியாது. எலெக்ட்ரீஷியன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, இருண்டுபோன அந்த ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் வெளிச்சம் வரும்.

நம் தஞ்சைச் சீமையின் வரிசையில் அப்படி இருண்ட ஓர் இரவு உண்டு. 1968 டிசம்பர் 25. நாள் நம் எல்லாருக்கும் தெரிந்த நாள்தான். அன்று இரவு, அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணி கிராமத்தில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் தேடி ஒளிந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்கள். கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல் வேண்டும் என்று கேட்டதும், சங்கமாகக் கூடியதும்தான் அவர்கள் மேல் மூண்ட பகைக்குக் காரணம். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது.

குடில் என்றால் என்ன? குடிசைதான். ஒரு குடிலில் பிறந்த குழந்தைக்கு உலகமே விளக்கேற்றிய அதே இரவில், அதே மாவட்டத்தில், இன்னொரு குடிலுக்குள் குழந்தைகள் எரிந்துபோனார்கள். ஊரில் இடமில்லை என்று பெத்லகேமில் சொன்னது ஒரு சத்திரம். வெண்மணியில் அந்த ஏழைகளுக்கு ஓடி ஒளியக் கிடைத்த இடமே சாவாயிற்று. இதைச் சொல்வது எவர் மேலும் வன்மம் வளர்க்க அன்று. வேண்டாமல் நேர்ந்த ஒரு சாவுக்கே ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன் தீர்ப்புச் சொன்ன மண் இது. வேண்டுமென்றே பறித்த 44 உயிர்களுக்கு எத்தனை விளக்கு ஏற்ற வேண்டும்? கீழ்வெண்மணி நினைவிடத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று மக்கள் கூடி நினைவஞ்சலி செலுத்துகிறார்கள். பெருவிழாக் கொண்டாடும் நம் வீடுகளிலும் அந்த நினைவு இருக்க வேண்டாமா?

மறுநாளுக்கும் ஒரு நினைவு உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த குடும்பங்கள், கடற்கரையில் பிள்ளைகளோடு நின்றிருந்தவர்கள், கடைக்காரர்கள், மீனவர்கள் என்று ஆழிப்பேரலை அள்ளிக்கொண்டு போனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்று பாராமல் ஒரே குழியில் பலரை அடக்கம் செய்தார்கள். அந்த வீடுகள் சிலவற்றில் இன்றைக்கும் டிசம்பர் கடைசி வாரம் என்றால் பேச்சுக் குறைந்துவிடும்.

இப்போது நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம். நம் பங்கில் சீரியல் பல்பு எந்தத் தெருமுனையோடு நின்றுவிடுகிறது? தேர் பவனி எந்தத் தெருவுக்குள் நுழையாமல் திரும்பி வருகிறது? குடில் போட்டிக்கு மதிப்பெண் போடும் குழு எந்தத் தெருவுக்கு இதுவரை போனதில்லை? வெளிச்சம் நின்றுபோகும் இடத்துக்கு அப்பால் இருட்டில் யாரும் குடியிருக்கவில்லை என்பதா நம் எண்ணம்? இடையர்கள் நின்றது அந்த இருட்டில்தான். விண்ணக ஒளி தேடிப் போனதும் அந்த இருட்டைத்தான்.

ஆகவே, அன்பான பெற்றோரே, இந்த ஆண்டும் பிள்ளைகளை வெளிச்சம் பார்க்கக் கூட்டிப் போங்கள். கட்டாயம் போங்கள். போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, குடில் கட்டியவர், ஏணியில் ஏறிச் சீரியல் செட்டுப் போட்டவர், இரவெல்லாம் ஜெனரேட்டர் அருகே விழித்திருப்பவர் யார் என்று விசாரித்து, அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இராசராசனின் கல்வெட்டு இடையர் பெயரைச் சொன்னது. நம் நன்றி அறிவிப்பில் நன்கொடையாளர் பெயர் மட்டும் போதுமா?

இரண்டாவது, டிசம்பர் 25 இரவு வீடு திரும்பியதும், படுக்கப் போகுமுன் மின்விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஓர் அகல்விளக்கை ஏற்றுங்கள். வெண்மணியில் இறந்த 44 பேருக்காகவும், மறுநாள் கடல் கொண்டுபோனவர்களுக்காகவும் குடும்பமாக ஒரு நிமிடம் செபியுங்கள். "யாருக்காகப்பா இந்த விளக்கு?" என்று பிள்ளை கேட்கும். அதன் வயதுக்குத் தக்கபடி உண்மையைச் சொல்லுங்கள்.

மூன்றாவது, உங்கள் அன்பியத்தில் இந்த ஆண்டு ஸ்டார் கட்டாத வீடு ஒன்று இருக்கும். சாவு நடந்த வீடாக இருக்கலாம். முதல் வருடம் பண்டிகை கொண்டாடுவதில்லை என்று கதவைச் சாத்தியிருப்பார்கள். கடனில் மூழ்கிய வீடாக இருக்கலாம். மகன் பேசாமல் போய்விட்ட தாயின் வீடாக இருக்கலாம். பத்துக் குடில் பார்க்கிற நாம் பதினோராவதாக அந்த வீட்டுக்கும் போவோம். பலகாரம் கொண்டுபோக வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளோடு போய்த் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். இருண்டுபோன பல்பைத் தேடித் தொடும் கைதான் வரிசை முழுவதையும் எரிய வைக்கிறது.

இராக்காவல் காத்த இடையருக்கு முதலில் தம் ஒளியைக் காட்டிய ஆண்டவர், இந்த ஆண்டு நம் கால்களையும் வெளிச்சம் எட்டாத தெருவுக்கு நடத்துவாராக. உங்கள் அனைவருக்கும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா ஆசீர். ஆமென்.