சுயராஜ்ய ஆசையும் ஆசைதானே?

1938 ஆகஸ்ட் 14. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த காலம். திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் பழைய ஹாலில், பகவான் ரமணரின் சோபாவுக்கு எதிரே வடக்கிலிருந்து வந்த இரண்டு காங்கிரஸ் தலைவர்கள் உட்கார்ந்தார்கள். ஒருவர், 1917இல் சம்பாரணிலிருந்தே காந்தியோடு நின்ற ராஜேந்திர பிரசாத். இன்னொருவர் ஜம்னாலால் பஜாஜ்.

கேள்விகளை அடுக்கியவர் பஜாஜ்தான். மனத்தை எப்படி நேர்வழியில் நிறுத்துவது என்பதில் தொடங்கி, ஒரு கட்டத்தில் மனத்தில் கிடந்ததைக் கேட்டுவிட்டார்: சுயராஜ்யம் வேண்டுமென்று ஆசைப்படுவது சரியா?

ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் நாம் பார்க்கிற அதே பஜாஜ் பெயர்தான். ராஜஸ்தானில் சீகருக்கு அருகே 1889இல் பிறந்து, சிறுவயதிலேயே வார்தாவின் செல்வக் குடும்பத்துக்குத் தத்துப் போனவர். வெள்ளை அரசு கொடுத்த ராய் பகதூர் பட்டத்தை ஒத்துழையாமை இயக்கத்தின்போது திருப்பிக் கொடுத்தார். கோர்ட்டைப் புறக்கணித்த வக்கீல்களின் குடும்பங்களுக்கென்று ஒரு லட்சம் ரூபாய் தந்தார். 1923இல் நாக்பூர்க் கொடிப் போராட்டத்திலும், 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்திலும் சிறை சென்றார். காந்தி அவரைத் தன் ஐந்தாவது மகன் என்றே சொல்வார். காந்தி வார்தாவுக்குக் குடிவந்ததும் இவர் அழைப்பால்தான். இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. வார்தாவிலுள்ள தம் குடும்பத்து லட்சுமிநாராயணர் கோயிலை 1928இலேயே தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிட்டார். மதுரையில் வைத்தியநாதய்யர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர்களை அழைத்துப் போனது 1939இல்.

இத்தனை விட்டுக்கொடுத்தவருக்கும், விட்டுக்கொடுத்ததெல்லாம் இன்னொரு ஆசைக்காகத்தானோ என்ற உறுத்தல் இருந்திருக்கிறது. அவர்மேல் எனக்கு மதிப்பு கூடுவதே இந்த இடத்தில்தான்.

ஹாலில் நடந்த உரையாடல்களை அப்போது முனகால வேங்கடராமையா எழுதிவந்தார். அவர் குறிப்பின்படி, ரமணர் அந்த ஆசையைத் தள்ளவில்லை. தன்னலத்தில்தான் அது முளைக்கும். ஆனால் அதற்காக உழைக்க உழைக்கப் பார்வை விரியும், தனிமனிதன் நாட்டுக்குள் கரைவான், அந்தக் கரைதல் நல்லதே என்றார். பஜாஜ் விடவில்லை. நெடுநாள் போராடி, எவ்வளவோ இழந்து சுயராஜ்யம் வந்தால் மகிழ்ந்து பூரிக்கக் கூடாதா? உழைக்கும்போதே தன்னை மேலான சக்தியிடம் ஒப்படைத்தவன் பலனை எண்ணிப் பூரிக்க என்ன இருக்கிறது என்று பதில் வந்தது. சிறை கண்ட ஒருவரிடம் சொல்லப்பட்ட பதில் இது. அகிம்சைப் போராளிக்கு இதைவிடக் கடினமான பாடம் இருக்க முடியாது.

ஆகஸ்ட் 18 அன்று விடைபெறும்போது ராஜேந்திர பிரசாத், காந்திக்கு ஏதாவது செய்தி உண்டா என்று கேட்டார். காந்திக்குள் ஆத்மசக்தியே வேலை செய்து அவரை நடத்துகிறது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று சொல்லியனுப்பினார் ரமணர்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஜெய்ப்பூர் சமஸ்தானம் பஜாஜ் உள்ளே வரக் கூடாதென்று தடை போட்டது. பிறந்த மண்ணுக்குள் போக 1939 பிப்ரவரியில் அவர் தடையை மீறினார். பிடித்துக் கொண்டுபோய் எல்லைக்கு வெளியே விட்டார்கள். மறுபடியும் போனார். கடைசியில் சிறை. வெளியே வந்தபின் பசுப் பாதுகாப்பில் இறங்கியவர், 1942 பிப்ரவரி 11 அன்று வார்தாவில் காலமானார். வயது 52. பூரிக்கலாமா என்று அவர் கேட்ட அந்த நாள் வர இன்னும் ஐந்தரை ஆண்டுகள் இருந்தன.