பழஞ்சோறும் கலோரியும்

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடம் வருகிறது, நேயர்களே. உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்குப் பழஞ்சோறு அலுத்துப்போகிறது; குடிசை முற்றத்தில் அவல் இடிக்கிறார்கள். பழஞ்சோற்றைப் புகழ்ந்து பேசும் இந்நாளில் அந்தப் பிள்ளைகளை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எங்கள் கல்முனைப் பக்கத்து வட்டைகளிலும் முல்லைக்காரர் விடியுமுன் இறங்கவேண்டும். அந்நேரத்தில் அடுப்பு மூட்டுவதெங்கே? இராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். தயிர், வெங்காயம், பச்சைமிளகாய் கிடைத்தால் பாக்கியம்.

இப்போது கேள்வி வேறு. “சேர், குளிர்ச் சோறு திண்டா கொழுப்புக் கரையுமாமே?” என்று மாணவர்களின் உம்மாமார் கேட்கிறார்கள். வீட்டுக்கு வீடு சீனி வருத்தம்; விளையாட்டான கேள்வியல்ல.

1782-83 குளிர்காலத்தில் பாரிஸ் நகரில் லவோசியேயும் லாப்லாசும் ஒரு கினியாப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, உருகிய நீரை நிறுத்தார்கள். மூச்சுவிடுதலும் ஒருவகை எரிதலே என்பது அவர்கள் கண்ட முடிவு. கலோரி என்ற அளவு 1820களில் நிக்கொலா கிளெமோன் காலத்தில் வந்தது: ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை சூடாக்கும் வெப்பம். கணக்கு இனி நம் கையில். ஒரு லீற்றர் ஐஸ் தண்ணீரை உடம்பின் 37 பாகைக்குக் கொண்டுவர 37 கலோரி போதும். சோற்றில் நூறு கிராமுக்கே ஏறக்குறைய 130 கலோரி உண்டு. ஆக, முழு லீற்றரும் குடித்தால் ஒரு சின்னப் பிடி சோறு கழியும். ஒரு கோப்பை குளிர்ச் சோறு அவ்வளவும் செய்யாது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. வெந்த சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி மீண்டும் இறுகி, சிறுகுடலில் செரிக்காத வடிவம் பெறுகிறது. பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்களே அதைத் தின்கின்றன. உடம்பு கூடுதலாக எரிப்பதில்லை, குறைவாக உள்வாங்குகிறது. இரண்டும் ஒன்றல்ல.

2015 மார்ச்சில் டென்வர் நகரில் அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டத்தில் இலங்கை மாணவர் சுதைர் ஜேம்ஸ், ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவுடன் செய்த ஆய்வைச் சமர்ப்பித்தார். கொதிநீரில் சிறிது தேங்காயெண்ணெய் விட்டு அரிசியைச் சமைத்து, 12 மணிநேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் செரியாத மாப்பொருள் கூடுகிறது. திரும்பச் சூடாக்கினாலும் குறைவதில்லை என்றார். கலோரி பத்துப் பன்னிரண்டு வீதம் குறையலாம் என்ற மதிப்பீடே அன்று கையிலிருந்தது. பாதிக்கு மேல் குறையலாம் என்றது எதிர்பார்ப்பு. பத்திரிகைகள் எதிர்பார்ப்பையே பெரிய எழுத்தில் போட்டன. சோதனை ஆய்வுகூடத்தில் நடந்தது, மனிதருக்கு உண்ணக்கொடுத்து அளந்ததல்ல.

எங்கள் சட்டிச் சோறோ குளிர்சாதனப் பெட்டி காணாதது. நம்மூர் இரவு வெக்கையில் புளித்தது. மாப்பொருள் நன்றாக இறுகுவது பெட்டிக் குளிரில்தான். ஆகவே அந்த உம்மாமாருக்கு நான் சொல்வது: ஆறிய சோறென்றாலும் அகப்பையை அளந்து போடுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்.